விடிய விடிய வாசிக்கிறவர்களின் 42 நிமிடம்: புதிதாய்க் கேட்கப்போகிறவர்களுக்கு

“கிரேட்ஃபுல் டெட் கேட்டேண்ணே. தூக்கந்தான் வந்துச்சு” என்றான் என்னோடு வேலை பார்க்கிற தம்பி. எதைக் கேட்டாய் என்று விசாரித்தேன். யாரோ சொன்னார்கள் என்று அந்த அமெரிக்க ராக் குழுவின் மூன்று மணி நேரக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டிருக்கிறான். அதில் ஒரு பாட்டு மட்டும் 25 நிமிடம். கோயில் கொடைத் திருவிழாவில், நடுச்சாமத்து வில்லுப்பாட்டுக்கு நடுவில் போய் உட்கார்ந்த வெளியூர்க்காரன் நிலைதான். கதை எங்கே தொடங்கியது, இப்போது யார் யாரை வெட்டப் போகிறார்கள், ஒன்றும் பிடிபடாது. குடத்தின் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

கச்சேரிக்குப் போகும் முன் அந்தக் குழுவின் ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றை எப்படிக் கேட்பது என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கிட்டார் வாசிக்கத் தெரிய வேண்டாம். ஆங்கிலம் சுமாராக இருந்தால் போதும். ஒரு வாரமும், காதில் மாட்ட உருப்படியான ஒரு ஹெட்போனும் வேண்டும்.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி நீட்டி, உடைத்து, சில சமயம் வேறொரு பாட்டுக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிற குழுக்களை ஜாம் பேண்ட் என்பார்கள். நேற்று வாசித்தது இன்றைக்கு வராது. நம் பக்கத்துக்கு இது ஒன்றும் புதுசில்லை. சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைத் தொட்டால், ரதவீதி திரும்பியும் அதே ராகம் போய்க்கொண்டிருக்கும். வில்லுப்பாட்டில் குழுவை நடத்துகிற அண்ணாவி ஒரு அடி போட, இடப்பக்கம் இருக்கிறவர்கள் அதை வாங்கிப் பாட, குடம் அடிக்கிறவர் நடையை மாற்ற, கதை தன் போக்கில் நகரும். அமெரிக்காவில் இந்த வகைக்குத் தலைக்கட்டு கிரேட்ஃபுல் டெட். 1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியவர்கள். கிட்டார் வாசித்த ஜெர்ரி கார்சியா 1995-ல் இறக்கும்வரை, 30 வருடத்தில் சுமார் 2,300 கச்சேரி. ரசிகர்கள் அவற்றை டேப்பில் பதிவு செய்து, காசு வாங்காமல் கைமாற்றிக்கொள்வார்கள். பதிவு செய்கிறவர்களுக்கென்று 1984 அக்டோபரில் அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். கொடையில் மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது.

இப்படிக் கச்சேரியே எல்லாம் என்று ஆகிவிட்டதால், அந்த ரசிகர்களிடம் ஒரு பேச்சு உண்டு: ஸ்டுடியோ ஆல்பம் சும்மா கணக்குக்குப் போட்டது, கச்சேரிதான் அசல். புதிதாய் வருகிறவர்களை விரட்டி அடிப்பதே இந்தப் பேச்சுதான்.

என் மாமா ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கொடைக் காலம் வந்துவிட்டால் ஆளை வீட்டில் பார்க்க முடியாது. விடிய விடிய அடித்துவிட்டு வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பார். எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் அசராத மனிதர், பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு வேலைக்குத்தான். திருநெல்வேலி வானொலி நிலையத்தில் அரை மணி நேர நிகழ்ச்சிப் பதிவு. “கொடையில அடி பெசகிட்டுன்னா அடுத்த அடியில சரிக்கட்டிரலாம்லா. அங்க செவப்பு வெளக்கு எரிஞ்சிட்டுன்னா, பெசகுனது பெசகுனதுதான். எத்தன தடவ போட்டாலும் அதே எடத்துலதான் பெசகும்” என்பார். ராத்திரி முழுக்கப் போகிற கதையை அரை மணிக்குள் அடக்க வேண்டும். வருணனையை எடுத்தால் சோபை போய்விடும், சண்டையை எடுத்தால் கதை போய்விடும். அண்ணாவி முந்தின நாளே உட்கார்ந்து வெட்டி வெட்டிப் பார்ப்பாராம். “பத்து வருசமா பாடுத கதை. அந்த அரை மணிக்கு வெட்டுதப்பதான் எது கதை, எது சவடால்னு எங்க அண்ணாவிக்கே தெரிஞ்சுது” என்று மாமா சொன்னது எனக்கு மறக்கவே இல்லை.

ஜாம் பேண்டின் ஸ்டுடியோ ஆல்பத்தை அந்த அரை மணி நிகழ்ச்சி மாதிரிதான் கேட்க வேண்டும். கச்சேரியின் குறைப்பிரசவம் என்று நினைத்துக் கேட்டால் காதில் ஏறாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள், நாலு நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்கிறதில்தான் ருசி இருக்கிறது.

எந்த ஆல்பம்

‘அமெரிக்கன் பியூட்டி’. யோசிக்கவே வேண்டாம். 1970 நவம்பரில் வந்தது. 10 பாட்டு, 42 நிமிடம் சொச்சம்.

இது எப்படி இவ்வளவு சுருக்கமாக வந்தது என்பதற்குப் பின்னால் காசு விவகாரம் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் ‘ஆக்ஸமாக்ஸோவா’ என்று ஒரு ஆல்பம் செய்தார்கள். அப்போதுதான் 16 டிராக் பதிவு இயந்திரம், அதாவது 16 சத்தங்களைத் தனித்தனியாகப் பதிகிற இயந்திரம், புதிதாக வந்திருந்தது. சின்னப் பிள்ளை கையில் பம்பரம் கிடைத்த மாதிரி, அதை வைத்து மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் விளையாடி, இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பெரும் கடனாளி ஆகிவிட்டார்கள். அடுத்த ஆல்பத்தைக் கட்டுசெட்டாக முடித்தே ஆக வேண்டிய நிலை. அதே சமயத்தில் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் என்கிற மூவர் குரல் சேர்த்துப் பாடுவதைக் கேட்டு இவர்களுக்கும் ஆசை வந்திருந்தது. அதுவரை இவர்கள் பெரிய பாடகர்கள் எல்லாம் இல்லை. உட்கார்ந்து பாடிப் பழகினார்கள். மின்சார கிட்டாரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மரக் கிட்டாரை எடுத்தார்கள். 1970 ஜூனில் ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, நவம்பரில் இது. ஒரே வருடத்தில் இரண்டு.

‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’டை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கரடுமுரடு, புழுதி வாசனை அதிகம். கடன் வைத்த ‘ஆக்ஸமாக்ஸோவா’ பக்கம் ஆறு மாதத்துக்குத் தலை வைக்க வேண்டாம். கிரேட்ஃபுல் டெட் ரொம்பப் பழசு, கொஞ்சம் பிந்தின காலத்துச் சத்தம் வேண்டும் என்றால் ஃபிஷ் என்ற குழு இருக்கிறது. 1983-ல் வெர்மான்ட்டில் தொடங்கியவர்கள். அவர்களுடைய ‘பில்லி பிரீத்ஸ்’ 1996-ல் வந்தது, ஸ்டீவ் லில்லிவைட் தயாரிப்பு. அதிலும் பின்பாதிப் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும், ராத்திரியில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் ஆல்பம் எது என்றால் நான் மாற மாட்டேன்.

கேட்கும் முன்

ஆப்பில் தேடினால் இந்த ஆல்பம் இரண்டு மூன்று வடிவத்தில் வரும். 2020-ல் 50 வருடத்தை ஒட்டி வெளியிட்டதில், 1971 பிப்ரவரி 18 கச்சேரி ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். எதைத் திறந்தாலும் சரி, பத்தாவது பாட்டு ‘டிரக்கின்’ முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வருவது இப்போதைக்கு நமக்கில்லை.

ஷஃபிளை அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் ஆப் தானாக வேறு எதையோ ஓட்டுமே, அதையும் அணையுங்கள். முக்கியமாக, ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் கலந்துவிடுகிற கிராஸ்ஃபேட் என்கிற வசதி செட்டிங்ஸில் இருக்கும், அதையும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். ஆறாவது பாட்டு ‘ரிப்பிள்’ முடிந்து ஏழாவது ‘புரோக்டவுன் பேலஸ்’ எடுக்கிற இடத்தில் கிராஸ்ஃபேட் புகுந்தால், நல்ல சாப்பாட்டில் ஆற்று மணல் விழுந்த கதை.

இசைத்தட்டாக வந்தபோது முதல் ஐந்து பாட்டு ஒரு பக்கம், அடுத்த ஐந்து மறுபக்கம். அது மனதில் இருக்கட்டும், பின்னால் உதவும்.

ஹெட்போன் இரண்டு காதிலும் வேலை செய்ய வேண்டும். ஒரு காது செத்துப்போன இயர்போனில் கேட்டால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். விலை கூடியது வேண்டாம், கம்பி வைத்த சாதாரண ரகமே போதும்.

எதில் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். என் சிநேகிதன் ஒருவன் மைக்செட் வைத்திருக்கிறான். ஒரு கொடைக்குக் குழாய் கட்டிவிட்டு டெஸ்டிங்குக்கு ஏதாவது போடு என்றான். நான் ஆர்வக் கோளாறில் என் போனை மாட்டி இந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டேன். வேப்பமரத்தின் மேல் கட்டிய குழாயில் மேன்டலின் மட்டும் தகரத்தில் ஆணி கீறின மாதிரி கேட்டது. பேஸ் கிட்டார் போன இடம் தெரியவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி நிமிர்ந்து பார்த்து, “ஏ, அந்த ரேடியாவ ஒழுங்கா திருப்புங்கடே, ரெண்டு ஸ்டேசன் சேந்து கேக்கு” என்றாள். உடனே சாமி பாட்டுக்கு மாற்றிவிட்டோம். மூன்று நாலு குரல் பட்டும் படாமல் சேர்ந்து பாடுகிற இசை இது. குழாய்க்கும் டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் தாங்காது.

முதல் தடவை

ஒரே மூச்சில், நடுவில் போனை எடுக்காமல், 42 நிமிடம். வீட்டில் இது நடக்கிற காரியமில்லை என்று எனக்கும் தெரியும். அதனால் நான் சொல்கிற இடம், திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகிற பாசஞ்சர். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது, பொதிகை மலை அந்தப் பக்கம்தான் கூடவே வரும். ஜங்ஷனை விட்டு வண்டி நகர்ந்ததும் முதல் பாட்டைப் போடுங்கள். வரிகளைப் படிக்க வேண்டாம், யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தேட வேண்டாம். சும்மா வெளியே பார்த்துக்கொண்டு பைய கேளுங்கள். பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி வரும்போது முதல் பக்கம் முடிந்துவிடும். வண்டி நேரத்துக்குப் போனால் கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் தாமிரபரணிப் பாலத்தில் ஏறுகிற சமயம் கடைசிப் பாட்டு ‘டிரக்கின்’ ஓடிக்கொண்டிருக்கும். ஊர் ஊராகச் சுற்றிக் கச்சேரி செய்கிற அலுப்பையும் கும்மாளத்தையும் பற்றிய பாட்டு அது. அந்த வருட ஆரம்பத்தில் நியூ ஆர்லியன்ஸில் போலீஸ் இவர்களைப் பிடித்துப் போன சமாச்சாரம்கூட அதில் வருகிறது. பாலத்தின் தடதடப்பும் அதுவும் எனக்கு எப்போதும் சேர்ந்தேதான் கேட்கிறது.

நடுவில் காருகுறிச்சி ஸ்டேஷன் வரும். அங்கே ஒரு நிமிடம் ஹெட்போனைக் கழற்றினாலும் குற்றமில்லை. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர். 1921-ல் பிறந்து 1964-லேயே போய்விட்டார். நேரில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் மணிக்கணக்கில் நின்ற கதையைச் சொல்வார்கள். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டு சேர்த்தது, 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் ஆபேரியில் வாசித்த ஒரே பாட்டுதான். ‘சிங்கார வேலனே’ அசல் இல்லை, கோயில் கச்சேரிதான் அசல் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? விடிய விடிய வாசிக்கத் தெரிந்த அந்த மூச்சு, சில நிமிடத்துக்குள் எப்படி மடங்கி உட்கார்ந்திருக்கிறது என்றுதானே வியக்கிறோம்.

அம்பையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். திரும்பும்போது ஆல்பத்தைப் போடாதீர்கள். ஏதாவது ஒரு மெட்டு தானாக வாயில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த நாலு நாள்

தினமும் ஒரு தடவை, முடிந்தால் ஒரே நேரத்தில். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஒரு நாள் பேஸ் கிட்டார். பெரும்பாலும் வாசித்தவர் ஃபில் லெஷ். வழக்கமாக பேஸ் என்றால் தவிலில் தொப்பி என்கிற பக்கத்தில் அடிக்கிற மாதிரி அடியில் நின்று தாங்கும். இவர் அப்படி ஓரிடத்தில் நிற்கிற ஆளில்லை. பாடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டே பாடிக்கொண்டு போவார். ஒரு நாள் முழுக்க அதையே கேட்டால், மற்ற பாட்டுகளில் பேஸ் எவ்வளவு சோம்பேறியாக இருக்கிறது என்று தோன்ற ஆரம்பிக்கும்.

ஒரு நாள் கிட்டார். இரண்டாவது பாட்டு ‘ஃபிரெண்ட் ஆஃப் த டெவில்’ தொடக்கத்தைக் கவனியுங்கள். மேல் ஸட்ஜத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே வரும், ஏறத்தாழ சங்கராபரணத்தின் அவரோகணம். தாமிரபரணியின் குறுக்குத்துறையில் அவசரமாகப் படி இறங்குகிறவன் மாதிரி. பாட்டு முழுக்க, துரத்தப்பட்டு ஓடுகிற ஒருவனின் கதை. அந்த இறக்கத்திலேயே அவன் ஓட்டம் இருக்கிறது. ஐந்தாவது பாட்டு ‘கேண்டிமேன்’ நடுவில் ஒரு கம்பி வழுக்கிக்கொண்டு அழும். அது பெடல் ஸ்டீல். கம்பியின் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது, கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும். அதையும் கார்சியாதான் வாசித்தார். கற்றுக்கொண்டு ரொம்ப நாள்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு நாள் குரல்கள். ஒன்பதாவது பாட்டு ‘ஆட்டிக்ஸ் ஆஃப் மை லைஃப்’ மட்டும் கேட்டாலும் போதும். கார்சியா, குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பாப் வியர், லெஷ் மூவரும் ஆரம்பம் முதல் முடிவு வரை சேர்ந்தே பாடுகிறார்கள். யாரும் தனியாக முன்னால் வருவதில்லை. பாட்டு ரொம்பப் பைய நகரும், அதனால் ஒரு குரல் கொஞ்சம் தாழ்ந்தாலும் தெரிந்துவிடும். மாமா சொன்ன செவப்பு வெளக்கு இதுதான். மேடையில் இதைச் சமாளிப்பது லேசில்லை. 1972-க்குப் பிறகு இந்தப் பாட்டைக் கச்சேரியில் எடுக்காமலே விட்டு, 1989-ல்தான் மறுபடி பாடினார்கள். ஆக, பதினேழு வருடம் இந்தப் பாட்டு உயிரோடு இருந்தது ஸ்டுடியோ ஆல்பத்தில் மட்டும்தான்.

நாலாவது நாள் ‘ரிப்பிள்’. இதற்கு ஒரு நாள் முழுசாக வேண்டும்.

மாமாவிடம் ஒரு சாயங்காலம் இதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டேன். திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் வரியிலேயே வலது கை விரல் பக்கத்திலிருந்த சொம்பின் விளிம்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. அடிக்கவில்லை, தொட்டுத் தொட்டு எடுத்தார். இரண்டு நிமிடம் போனதும் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தூக்கிவிட்டு, “இதுல யாரு பெரிய ஆளு?” என்றார்.

“இப்பம் பாடுதவர்தான் மாமா. கிட்டாரும் அவருதான். அவர் கிட்டாரக் கேக்க லட்சம் பேர் வருவாங்க.”

“அவன் கிட்டார எங்கல வாசிக்கான்? ஒளிஞ்சிக்கிட்டுல்லா கெடக்கான்.”

அதுதான் விஷயம். ‘ரிப்பிள்’ பாட்டில் உங்கள் காது முதலில் போகிற வாத்தியம் மேன்டலின். அதை வாசித்தவர் டேவிட் கிரிஸ்மன், குழுவுக்கு வெளியே இருந்து வந்தவர். ஒரு மணி நேரம் தனியாக வாசிக்கக்கூடிய கார்சியா, வந்த விருந்தாளிக்குத் திண்ணையைக் கொடுத்துவிட்டுத் தான் நடையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிகிற நேரத்தில் வார்த்தையில்லாமல் வெறும் மெட்டாக ஒரு கூட்டமே சேர்ந்து பாடும். அது வந்ததும் மாமா சொம்பை விட்டுவிட்டார். “கடைசில ஊரே பாடுது பாரு” என்றார். மறுபடி போடச் சொன்னார். 4 நிமிடம் 9 விநாடி. மூன்று தடவை ஓடியது, அத்தை காப்பி கொண்டுவந்து வைத்து ஆறிப்போயிற்று.

வார்த்தைகள்

நாலு நாள் கழிந்த பிறகுதான் பாட்டு வரிகளைத் திறக்க வேண்டும். அதற்கு முன் திறந்தால், கேட்பதை விட்டுவிட்டுப் பொழிப்புரை தேட ஆரம்பித்துவிடுவோம்.

பெரும்பாலான வரிகள் ராபர்ட் ஹன்டர் எழுதியவை. இவர்களோடு மேடையில் வாசிக்காத ஆள், ஆனால் குழுவில் ஒருவர் என்றே கணக்கு. 1970-ல் லண்டனில் ஒரே பகலில் மூன்று பாட்டு எழுதினார். ‘ரிப்பிள்’, ‘புரோக்டவுன் பேலஸ்’ இரண்டும் அன்று பிறந்தவை. தட்டின் மறுபக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ‘ரிப்பிள்’ பல்லவியில் 17 அசை, ஜப்பானிய ஹைக்கூவின் மொத்த அளவு. கல் விழாமல், காற்று வீசாமல், நின்ற நீரில் எழுகிற சிற்றலையைப் பற்றி. ‘புரோக்டவுன் பேலஸ்’ ஆற்றங்கரைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறேன் என்று விடைபெறுகிற தாலாட்டு. ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

முதல் பாட்டு ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’ பின்னணியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபில் லெஷின் அப்பா சாகக் கிடந்தார். அவருக்குப் பாடிக் காட்ட ஒரு பாட்டு வேண்டும் என்று லெஷ், எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்பதுவரை மெட்டை முழுசாக முடித்து, வார்த்தை மட்டும் இல்லாமல் ஹன்டரிடம் கொடுத்தார். ஹன்டர் வார்த்தைகளைப் போட்டார். மழைப் பெட்டி என்று அவர் சொன்னது நாம் இருக்கிற இந்த உலகத்தைத்தான். அதுவரை மேடையில் பெரும்பாலும் மற்றவர் குரலோடு சேர்ந்து பாடி வந்த லெஷ், இதைத் தானே பாடினார். அந்தக் குரலில் பயிற்சியின் மெருகு குறைவுதான், ஆனால் வேறு யார் பாடினாலும் இது நிற்காது. அதே ஆல்பம் நடந்துகொண்டிருந்த நாளில்தான் கார்சியாவின் அம்மா ஒரு விபத்தில் அடிபட்டு இறந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால், மேலாகப் பார்க்க வெயிலடிக்கிற இந்த ஆல்பத்துக்கு அடியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரியும்.

அட்டையில் ஒரு ரோஜா. ‘அமெரிக்கன் பியூட்டி’ என்பது ஒரு ரோஜா வகையின் பெயரும்கூட. எழுத்தை உற்றுப் பார்த்தால் ‘பியூட்டி’ என்பதை ‘ரியாலிட்டி’ என்றும் படிக்கலாம். சும்மா ஒரு விளையாட்டு.

பிடிக்காத பாட்டு இருந்தால்

இருக்கும். எட்டாவது பாட்டு ‘டில் த மார்னிங் கம்ஸ்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. இடத்தை நிரப்பப் போட்ட மாதிரிதான் தோன்றுகிறது. ஆனாலும் தாண்டிப் போக மாட்டேன். அது முடிந்த பிறகு ‘ஆட்டிக்ஸ்’ தொடங்குவதற்கு அந்தச் சத்தம் தேவைப்படுகிறது. நாலாவது பாட்டு ‘ஆபரேட்டர்’, குழுவில் ஒருவரான பிக்பென் எழுதிப் பாடியது. இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நான் சண்டைக்கு வருவேன்.

ஒரு வாரம் கேட்டும் எதுவுமே ஒட்டவில்லையா? விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, சாரல் அடிக்கிற ஒரு நாள் பார்த்து, மறுபடி எடுங்கள்.

இனி கச்சேரிக்குள் போகலாம்

முழுக் கச்சேரி வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த பாட்டின் கச்சேரி வடிவத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகக் கிடக்கின்றன. ரசிகர்கள் பதிந்தவற்றை இறக்கிக்கொள்ளலாம், மேடைச் சத்தத்தைக் கலக்கிற மிக்ஸர் கருவியிலிருந்து நேராக எடுத்தவற்றை அங்கேயே கேட்க மட்டும்தான் முடியும்.

‘ஃபிரெண்ட் ஆஃப் த டெவில்’ பாட்டை 1970-களின் பிற்பகுதியில் பாடியதைக் கேளுங்கள். நடையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஓடினவனுக்கு வயதாகி, திரும்பி நின்று யோசிக்கிற மாதிரி இருக்கும். ‘யூரோப் 72’ ஆல்பத்தில் ‘டிரக்கின்’ 13 நிமிடம் போகும். ஸ்டுடியோவில் அது 5 நிமிடம். எந்த இடத்தில் பாட்டு வழியை விட்டு இறங்குகிறது என்று இப்போது உங்களால் விரல் வைத்துச் சொல்ல முடியும், ஏனென்றால் வழி எது என்று ஒரு வாரமாகக் கேட்டிருக்கிறீர்கள். தூக்கம் வந்தது என்று சொன்ன அந்தத் தம்பிக்கு இல்லாமல் போனது இதுதான். இதற்குப் பழகிய பிறகு, ‘டார்க் ஸ்டார்’. 1968-ல் தனித் தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் ‘லைவ் டெட்’ ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். இரண்டையும் ஒரே நாளில், சின்னதை முதலில் வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக 1995 ஜூலை 9, சிகாகோ. கார்சியாவோடு குழு வாசித்த கடைசிக் கச்சேரி. குரல் தளர்ந்து, விரல் தளர்ந்து, கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அன்றைக்குக் கடைசியாகப் பாடியது ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’. நம் ஆல்பத்தின் முதல் பாட்டு.

இவர்களுடைய தாளக்காரர் மிக்கி ஹார்ட் 1991-ல் ‘பிளானட் டிரம்’ என்று ஒரு ஆல்பம் செய்தார். வேர்ல்ட் மியூசிக் வகைக்குக் கொடுத்த முதல் கிராமி விருது அதற்குத்தான். ஜாகிர் உசேன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். இதைச் சொன்னால் மாமா சந்தோஷப்படுவார் என்று ஓடிப்போய்ப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டவர், கடம் வந்ததும் திறந்தார். “கடம் வேற, குடம் வேற, மருமவனே. குடத்துக்கு வாய்ல அடிக்கணும்” என்றார். பிறகு, “செத்த சத்தத்தக் கூட்டு.”